தீமிதிக்கு நான் அறுத்த விறகு

அப்பாவின் கையிலிருந்து கோடாலியை வாங்குவதற்காகத்தான் நான் செயின்சா வாங்கினேன். வேறு எந்த ஆசையும் அதில் இல்லை.

கிள்ளானில் எங்கள் வீடு மலிவு விலை வீட்டு வரிசையின் கடைசியில் இருக்கிறது. பின்னால் பெரிய கால்வாய். கால்வாய்க்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு லோரி நிற்கும் அளவு காலி நிலம். ஒவ்வொரு வருஷமும் தீமிதிக்குச் சில மாதங்கள் முன்பே அங்கே மரம் வந்து இறங்கிவிடும். கேரி தீவில் அப்பா பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தீமிதிக் குழிக்கு விறகு கொடுப்பதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. காசாகக் கொடுத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்பா அப்படிக் கொடுக்க மாட்டார். லோரி ஓட்டிய காலத்தில் பழகியவர்களிடம் சொல்லி வைத்திருப்பார். கம்பத்தில், மலாய்க்காரர் கிராமங்களில், யாராவது ரம்புத்தான் மரத்தையோ பழைய ரப்பர் மரத்தையோ சாய்த்தால் போய் ஏற்றி வந்து, தானே வெட்டி, காயவைத்து அனுப்புவார். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடிக்குக் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் விடுமுறை நாளெல்லாம் அவருக்கு இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைத் தரையில் சிவப்பாகக் கால் தடங்கள் இருந்தன. வலது கால் மட்டும். பின்வாசலிலிருந்து ஐஸ்பெட்டி வரை போய், அங்கிருந்து ஹாலுக்குத் திரும்பியிருந்தன. அம்மா குங்குமத் தண்ணீர் சிந்திவிட்டதென்று நினைத்துத் துணியை எடுத்து வந்துவிட்டார். நான் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கால்ல ரத்தம்."

"எங்க?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். கோடாலி கட்டையில் வழுக்கி, சிலிப்பரின் ஓரத்தை அறுத்து, சுண்டு விரலுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் இரண்டு மூன்று கட்டைகளைப் பிளந்திருக்கிறார்.

கிளினிக்கில் தையல் போட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. தாதி சிரித்துக்கொண்டே, "குவாட் லா அங்கிள்!" என்றார். அங்கிள் பலசாலியாம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். முகம் தெரியாத மனிதர்களின் சர்க்கரை அளவுகளைத் தினமும் பார்க்கிறேன். அப்பாவின் அளவையும் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பல வருஷமாக இனிப்பு நீர் வியாதி. வலிக்காத கால் எதைச் சொல்கிறது என்று அந்த அறையில் எனக்குத் தெரிந்தது. தாதியின் சிரிப்புக்கு நடுவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன்.

"யாருக்கும்மா? வீட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தாண்ணே."

"உனக்கா? கேக் வெட்டவா?"

"உங்க மேசைய வெட்டிக் காட்டவா?"

அவர் சிரித்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பேட்டரியில் ஓடும் சின்ன செயின்சா. அதன் அலகு என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கும். கண்ணாடியும் கையுறையும் முன்பக்கம் கெட்டியான பூட்ஸும் சேர்த்து வாங்கினேன்.

அப்பா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். "என்னம்மா இது, பல்லு வெளக்குற மெஷின் மாதிரி இருக்கு? சாமிக்குப் போற வெறகு இது."

"நீங்க ரத்தத்துல குளிச்சி வெட்டுனதுக்கு இது மேலு," என்றார் உள்ளேயிருந்து அம்மா.

முதல் நாள் சங்கிலி கட்டைக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு முனையிலும் தாங்கல் வைத்துக் கட்டையைக் கிடத்தியிருந்தேன். மேலிருந்து அறுக்க அறுக்க, நடுப்பகுதி எடையில் இறங்கி, அறுத்த வாய் மூடி அலகைக் கவ்விவிட்டது. அப்பா மேகத்தைப் பார்த்தார். கோடாலியைக் கேட்டு வாங்க அவருக்கு ஒரு வாய்ப்பு. நான் கடப்பாரையால் கட்டையை நெம்பி அலகை விடுவித்தேன். பிறகு, நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்து கொஞ்சம் மட்டும் அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அலகின் நுனி எதன் மீதும் படக் கூடாது. பட்டால் ரம்பம் எகிறி முகத்துக்கு வரும். சூடேறினால் சங்கிலி தொய்யும், நிறுத்தி இறுக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தால் வாசனை மாறும். பல் கூராக இருக்கும்போது மரம் சீவலாக வந்து விழும். மழுங்கினால் மாவாகப் பறக்கும். இரண்டு மாதத்தில் சத்தத்தை வைத்தே மரம் பச்சையா காய்ந்ததா என்று சொல்ல ஆரம்பித்தேன். சனி ஞாயிறு இரண்டு நாளும் என் தோளும் முதுகும் கழன்று போகும். அடுக்கிய விறகு வேலி உயரத்துக்கு ஏறியபோது நிமிர்ந்து நின்று பார்த்தேன். அது நன்றாக இருந்தது.

கோயில் தலைவர் ஒருநாள் விறகைப் பார்க்க வந்தார். அப்பாவின் பால்ய நண்பர். "அடேய், இவ்வளவும் பாப்பா அறுத்ததா? லேப் வேலைய விட்டுட்டு மரம் வெட்டப் போயிடு லா, நல்ல சம்பளம்" என்று என்னைச் சீண்டினார். பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது மூணாவது வருஷம் இல்ல? ஒனக்கென்ன, போன வருஷம் பூ மேல நடக்குற மாதிரி நடந்த. மாரியம்மா தாங்கிக்குறா ஒன்ன" என்றார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அது எனக்காக எடுத்த வேண்டுதல். எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நாள்களில், மகள் பட்டம் வாங்கினால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மாவிடம் சொல்லியிருந்தார். பட்டம் வாங்கினேன். இரண்டு வருஷம் மிதித்தார். போன வருஷம் எல்லாரும் ஓடியும் எகிறியும் குழியைக் கடந்தபோது இவர் மட்டும் நிதானமாக, தலையில் கரகத்தோடு, ஒரு சொட்டு நீர் சிந்தாமல் நடந்தார். தெரியாதவர்கள்கூட அவர் காலில் விழுந்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவும்போது அடியில் கொப்புளங்கள் இருந்தன. வலி தராமல் மாரியம்மா வாங்கிக்கொண்டாள் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் லோரியையும் அடுத்தவர் வாசலையும் பார்த்துக்கொண்ட மனிதருக்குத் தனக்கென்று கிடைத்த ஒன்று அது.

தீமிதிக்குச் சில வாரம் இருக்கையில், கடைசி ரம்புத்தான் அடிக்கட்டையை அறுத்துக்கொண்டிருந்தேன். அப்பா விரதம் தொடங்கிவிட்டார். காயம் ஆறியிருந்தது. திடீரென்று ரம்பத்தின் சத்தம் கிறீச்சென்று மாறி, ஒரு பொறி பறந்து, சங்கிலி நின்றது. மரத்துக்குள் ஆணி. யாரோ எப்போதோ துணி காயப்போடக் கயிறு கட்ட அடித்தது. மரம் வளர்ந்து அதை விழுங்கியிருந்தது. சங்கிலியில் சில பற்கள் போய்விட்டன.

சுத்தியலின் பின்பக்கத்தால் அந்த ஆணியைப் பிடுங்கினேன். பிறகு அடுக்கை முழுவதும் பிரித்தேன். ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். விறகு எரிந்து போகும், ஆணி எரியாது. தணலைப் பரப்பும்போது கண்ணில் படலாம், படாமலும் போகலாம். மற்றவர் காலில் பட்டால் துள்ளுவார்கள், பிறகு பிடுங்கிப் போடுவார்கள். அப்பா அதைக் காலில் வைத்துக்கொண்டு குழியின் மறுமுனை வரை நிதானமாக நடப்பார்.

எல்லாக் கட்டையையும் பார்த்து முடிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். நான் விறகைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், குறை விறகில் இல்லை.

"அப்பா, இங்க வந்து உட்காருங்க. சிலிப்பரக் கழட்டுங்க."

"ஏம்மா, ஆணி கெடச்சிருச்சா இன்னொன்னு?"

"கண்ண மூடிக்குங்க. நான் தொட்டா சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மூடினார். கீழே கிடந்த மெல்லிய மரச் சீவல் ஒன்றை எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே தொட்டேன். "தொட்ட" என்றார். பாதத்தின் மேல் பக்கம் தொட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலின் அடியில் தொட்டேன். குதிகாலில் தொட்டேன். பிறகு சீவலைப் போட்டுவிட்டு என் நகத்தை உள்ளங்காலில் அழுத்தி வைத்தேன்.

"தொடு, ஏன் சும்மா இருக்க?" என்றார்.

"கண்ணத் தொறங்கப்பா."

என் நகம் அழுந்தியிருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து போக நேரமானது. நான் சொன்னேன்: இனிப்பு நீர், நரம்பு, புண் ஆறாமல் போனால் விரலை எடுப்பது, பிறகு காலை எடுப்பது. ஆய்வுக்கூடத்தில் பேசுவது போலவே பேசினேன். வேறு மாதிரி பேச அப்போது என்னால் முடியவில்லை.

அவர் கேட்டார். "அப்போ போன வருஷம்?"

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. மாரியம்மா தாங்கவில்லையா என்று கேட்கிறார்.

"தெரியலப்பா," என்றேன்.

அவர் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். இரண்டு முறை அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அம்மா மட்டும் ஒருநாள், "சுத்தி வாங்களேன். முடியாதவங்க குழியச் சுத்தி வந்து வேண்டுதல முடிக்கிறதில்லையா?" என்றார். அந்தக் கோயிலில் தீ மிதிக்காத பெண்கள் குழியை மூன்று முறை சுற்றி வருவார்கள்.

"பொம்பளைங்களோட என்னச் சுத்தச் சொல்றியா?" என்றார் அப்பா. பேச்சு அதோடு நின்றது.

தீமிதி அன்று பிற்பகல் அவர் மஞ்சள் வேட்டியில், நனைந்த உடம்போடு வரிசையில் நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. உறுமி அடித்தார்கள். குழி தணலாகி, காற்றே நெளிவது போல இருந்தது. நான் அறுத்த கட்டைகள் அதற்குள் எங்கோ இருந்தன. அவருக்கு முன்னால் நின்றவர் ஓடிக் கடந்தார். அடுத்தது அப்பா. குழியின் விளிம்பில் நின்று தணலைப் பார்த்தார். பின்னால் நின்ற இளைஞர்கள் "ஓம் சக்தி" என்று கத்தினார்கள்.

அவர் கரகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விலகினார்.

"என்ன, பயந்துட்டியா?" என்று கூட்டத்துக்கு மேலாகக் கேட்டார் தலைவர். கேலிதான், ஆனால் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலு செத்துப் போச்சுடா," என்றார் அப்பா. சத்தமாகத்தான் சொன்னார். "எம்மக தொட்டுப் பாத்துச் சொன்னா."

உறுமி நிற்கவில்லை. அடுத்த ஆள் குழியில் இறங்கினான்.

அப்பா பெண்களுக்குப் பின்னால் சுற்ற ஆரம்பித்தார். யாரும் அவர் காலில் விழவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். காற்று தணலின் துணுக்குகளை விளிம்புக்கு வெளியேயும் தள்ளியிருந்தது. அவர் நேராகப் பார்த்து நடந்தார். நான் தரையைப் பார்த்து நடந்தேன். இரண்டாம் சுற்றில் குழியின் மூலையில் அவர் நின்றார். பல நாள்களுக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்க கீழ சூடா இருக்காம்மா?"

என் வெறும் கால் சுட்டது.

"சூடா இருக்குப்பா. கொஞ்சம் தள்ளி வாங்க."

அவர் தள்ளி வந்தார்.