குவைத்தின் வெயில்

அன்று வீட்டில் இருந்தது நானும் மகளும் மட்டும். மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். பொது வானிலை நிலையங்களின் பதிவுகளை எடுத்துத் தரும் சிறிய நிரல் நூலகம் ஒன்றை, அதாவது ஆயத்தக் கணினி நிரல்களின் தொகுப்பை, வைத்து, அவளிருக்கும் நகரத்தின் வெப்பத்தை மகள் தினமும் கணினியில் காட்டுவாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஓர் எண் போதும்; அதைப் பார்த்தால்தான் தேநீர் இறங்கும். அன்று எண்ணைக் காணோம். பதறிப்போய் மனைவியை அழைத்து, எண் வரவில்லை என்றேன்.

"மிசின் பழுதாகினா எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கன். நம்மட நெல்லுக் காயுதா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். படங்கு விரிப்பில் காயப் பரப்பிய நெல்லின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"காயுது" என்றேன்.

"பொய். மழைச் சத்தம் கேக்குது. போனை வைக்காதீங்க, கொஞ்சம் கேப்பம்."

மகள் படங்கை இழுக்க ஓடினாள். நான் போனை வெளியே நீட்டியபடி நின்றேன்.