கடைசி ஆட்டத்து வெள்ளிக்கிழமை

அந்தப் பருவம் முழுக்க மழை. கொட்டாஞ்சேனையில் கல்லூரிக்குப் பின்னாலிருந்த மைதானம் சேறாகிக் கிடந்தது. பிள்ளைகள் விழுந்தார்கள், எழும்பினார்கள், தோற்றார்கள். திரும்பவும் தோற்றார்கள். பாடசாலை உதைபந்தாட்ட லீக்கின் முதலாம் பிரிவில், அடிமட்டத்தில் இரண்டு கல்லூரிகள் தொங்கிக்கொண்டிருந்தன: எங்களுடையதும் இன்னொன்றும். கடைசி ஆட்டம் அந்த இரண்டுக்கும் இடையில். சமநிலை வந்தாலே நாங்கள் தப்பிவிடுவோம். தோற்றால் இரண்டாம் பிரிவு.

என் மகன் கோல் காத்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துப் போய் வலைக்குப் பின்னால் நிற்பேன். பந்து பார்க்க அல்ல, அவன் குரல் கேட்க. "மச்சான், பின்னுக்கு ஆள்! அடியடா, வெளிய அடி!" வீட்டில் சோறு போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவன், அங்கே பத்துப் பேரை ஏசி ஏசி நகர்த்துவான்.

லண்டனில் படிக்க விண்ணப்பித்திருந்தான். விசாவுக்குக் கைரேகை வைக்கிற நாளை ஒன்லைனில் அவனே எடுத்தான்: வெள்ளிக்கிழமை, மூன்று மணி. பிறகுதான் ஆட்ட அட்டவணை வந்தது. அதே வெள்ளி, மூன்றரை.

"அப்பா, திங்கள், செவ்வாய் இடம் இருக்கு. பிறகு இந்த மாசம் இல்லை. திங்களுக்கு மாத்தட்டா?"

கலண்டரைப் பார்த்தேன். பஞ்சாங்கமெல்லாம் சுத்தப் புளுகு என்று சிநேகிதர்களோடு வாய் கிழியக் கதைக்கிற ஆள் நான். திங்கள் அட்டமி. செவ்வாய் நவமி. வெள்ளியோ வளர்பிறைப் பஞ்சமி. என் தம்பி ஓர் அட்டமியில் கொடுத்த விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. அதை எப்போதோ மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வேண்டாம்," என்றேன். காரணம் சொல்லவில்லை. அவனும் கலண்டரைப் பார்த்தான்.

வியாழன் பின்னேரம் அணித்தலைவன் மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், வேற கீப்பர் இல்ல. பின்னுக்கு பெக் ஆடுறவனத்தான் கோலுக்க நிப்பாட்டணும். அவன் பந்தக் கண்டா கண்ண மூடுவான். அதுக்குப் பதிலா ஒரு கோழியக் கட்டி வைக்கலாம்." அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "டேட்ட மாத்த ஏலாதா, அங்கிள்?"

"ஏலாது தம்பி. அவங்கட ரூல் அப்பிடி."

மகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

வெள்ளிக்கிழமை விசா அலுவலகத்தின் குளிரூட்டிய மண்டபத்தில் ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைத்தான். முந்தைய ஆட்டத்தில் அடிபட்ட நடுவிரல் வீங்கியிருந்தது. மெஷின் அதை ஏற்கவில்லை. "இன்னும் அழுத்துங்க," என்றாள் அங்கிருந்த பெண். அழுத்தினான். எத்தனை பந்தைத் தட்டிவிட்ட கைகள். அந்த நேரத்தில் அவை அங்கே என் பக்கத்தில் இருந்தன, யாருக்கும் உதவாமல்.

ஐந்தரைக்கு வெளியே வந்து போனைத் திறந்தான்.

"ஒண்டுக்குச் சைபர்."

"யாருக்கு?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது.

அவன் முச்சக்கரவண்டியை மறித்து, கொட்டாஞ்சேனைக்கு என்றான்.

பிள்ளைகள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. சேற்றோடு புல்லில் கிடந்தார்கள். பின்கள ஆட்டக்காரன் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான். சும்மா உருண்டு வந்த பந்தாம். கைக்கு அடியால் போனதாம். நான் மைதானத்துக் கேற்றோடு நின்றுவிட்டேன். மகன் உள்ளே போனான். ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை.

"ஃபிங்கர் பிரிண்ட் எல்லாம் நல்லா விழுந்திச்சா, மச்சான்?" என்று கேட்டான் தலைவன்.

"ஓம்."

"உண்மையா மாத்தவே ஏலாதா?"

மகன் கேற்றுப் பக்கம் திரும்பவில்லை. அவனுடைய மைதானக் குரல் அல்ல, வீட்டுக் குரல்.

"ஏலாது மச்சான். நானும் கேட்டுப் பாத்தனான்."