வயர் போகாத வீடு

அப்பா படம் பிடிக்கத்தான் போனார். படகில் ஏறுவார் என்று யார் கண்டது? இப்போதும் விடாமல் நாலு நாள் மழை பிடித்தால் எனக்கு உடம்பெல்லாம் அசந்து போகிறது, எந்த வேலையும் ஓடுவதில்லை. அந்த நேரத்தில் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் எங்கள் பகுதிக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருந்தது. அதற்கு ஆள் என்று பார்த்தால் அப்பா ஒருவர்தான். பகலில் கம்பம் கம்பமாக ஏறி கேபிள் வயர் இழுப்பார். சாயங்காலம் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு செய்தி வாசிப்பார். எங்கே கரண்ட் இருக்காது, சானமாவுக் காட்டு யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, யார் வீட்டு மாடு காணோம், யார் காலமானார், இவ்வளவுதான் செய்தி. தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. நீங்க மூணு பாஷையிலயும் சொல்லி முடிக்கறதுக்குள்ள யானை அடுத்த ஊருக்குப் போயிடும் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அந்த வருஷ மழையில் ஏரி உடைந்து, கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பெங்களூரிலிருந்து ராணுவ லாரிகள் ரப்பர் படகுகளோடு வந்து இறங்கின. அப்பா கேமராவை மாட்டிக்கொண்டு ஓடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது சிப்பாய் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு நீங்களும் நில்லுங்கப்பா என்று சொல்லி அனுப்பினேன். என் அப்பா பட்டாளத்தோடு டிவியில் வரப்போகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

வந்த சிப்பாய்களுக்கு இந்தி தெரியும், எங்கள் சந்துபொந்து தெரியாது. எது ஆள் இருக்கிற வீடு, எது வெறும் கொட்டகை என்று காட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று அதிகாரி கேட்க, அப்பா ஏறிவிட்டார். அவருக்குக் கதவு எண்ணெல்லாம் தெரியாது, வயர் தெரியும். எல்லாம் அவர் கையால் இழுத்தவை. ஒரு கம்பத்திலிருந்து நாலு வயர் பிரிந்தால் நாலு குடும்பம். தண்ணீருக்கு மேலே தெரிந்த வயரைப் பார்த்து அவர் கை காட்டினார், சிப்பாய்கள் துடுப்புப் போட்டார்கள். மைக்கும் அவர் கையில்தான். "டிவிக்காரன் வந்திருக்கேன், பயப்படாம வெளிய வாங்க" என்று மூன்று பாஷையிலும் கூவினார். தினம் கேட்கிற குரல், ஜனங்கள் நம்பி இறங்கினார்கள். மொட்டைமாடியில் நின்ற ஒரு பெரியவர், "படகு இருக்கட்டும் சார், படம் எப்ப வரும்?" என்று கேட்டாராம். இரண்டு நாளில் வயர் போன வீடு ஒன்றையும் விடவில்லை. எல்லோரையும் இறக்கியாயிற்று என்று அப்பாவே அதிகாரியிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கால் விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. பாராட்ட வந்த அக்கம்பக்கத்தாரைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். நான் கேமராவைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்தேன். வெறும் டேப்.

"ஒரு நிமிஷம்கூடவா எடுக்கல? எல்லாரும் என்னைக் கேப்பாங்கப்பா!" என்று காலை உதைத்து அழுதேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்கப்புறம் அவர் அம்மாவிடம் சொன்னதெல்லாம் என் காதிலும்தான் விழுந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், குடோன் சுவரை ஒட்டி ஒரு ஷீட் வீடு. வடக்கேயிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. டிவி கிடையாது, அதனால் வயரும் கிடையாது. ஷிப்டுக்குப் போனவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். புருஷனுடைய அப்பா படுக்கையாக வீட்டில் இருந்தார். மகன் அந்தக் கரையில் நின்ற சிப்பாய்களிடம் கெஞ்சியிருக்கிறான். எல்லோரையும் இறக்கியாயிற்று, உங்க அப்பா முகாமில் இருப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். முகாம் முகாமாகத் தேடிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து அவன் கதவைத் திறந்தபோது கிழவருக்கு உயிர் இல்லை.

"எல்லாரும் பத்திரம்னு நான்தான்டி சொன்னேன்" என்றார் அப்பா. "அந்தச் சுவத்துப் பக்கம் ரெண்டு தடவ போனோம். ஒருக்கா மைக்க சிப்பாய்ங்க கையில குடுத்திருக்கலாம். இந்தியில கூப்பிட்டிருந்தா, கிழவரு ஒரு சத்தமாவது குடுத்திருப்பாரு."

அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கால் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

தண்ணீர் வடிந்தது, சேனலும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அடியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். அந்த ஷீட் வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்கே போய்விட்டார்கள் என்று குடோன் வாட்ச்மேன் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு, கம்பத்திலிருந்து வயரை இழுத்துவந்து, கூரை ஓரமாக ஆணி வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

"டிவியே இல்லாத வீட்டுக்கு எதுக்குப்பா கனெக்சன்?"

"இருக்கட்டும் பாப்பா. ஏணிய நல்லாப் புடி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது, அன்றைக்குத் தாங்கவில்லை. சைக்கிளில் போன என் வகுப்புப் பெண்ணை நிறுத்தி, "இங்க பாருடி, ஆளே இல்லாத வீட்டுக்கு எங்கப்பா வயர் இழுக்கறாரு!" என்று கத்தினேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா மேலேயிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பல்லிடுக்கில் வைத்திருந்த அடுத்த ஆணியை எடுத்து அடித்தார்.