ரெண்டு இருமல், ஒரு கனைப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்து, "அண்ணே, கொஞ்சம் இருமுங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. கப்பலூரில் ஒரு சின்ன ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் உங்கள் பொறுமையைச் சோதிக்கிறவன். என்னிடம் எதற்காக ஒருவர் இருமிக் காட்ட வேண்டும்?

எல்லாம் ராக் சங்கீதத்தால் வந்த வினை.

சிரிக்காதீர்கள். மதுரையிலும் ராக் ரசிகர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் காஜா... பசுமலையில் என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது கீழவாசல் பக்கம் கைலிக்கடை வைத்திருக்கிறான். ஆள் இரண்டுதான் என்றாலும் கட்சியும் இரண்டு.

எங்கள் இருவருக்கும் ஒரே இங்கிலீஷ் குழுவின் மேல்தான் பைத்தியம். நான்கு பேர். நான்கு பேர் தலையிலும் இருக்கிற முடியை வெட்டுவதற்கு ஒரு சலூன்காரர் ஒரு வாரம் லீவு போடாமல் உழைக்க வேண்டும். என்னிடம் அவர்களுடைய இரட்டை எல்பி இருந்தது. மெட்ராஸ் நடைபாதையில் வாங்கியது. மேடைக் கச்சேரிகளில் பதிவு செய்த பாட்டுகள். ஐந்தாறு ஊர்களில் வாசித்ததில் எந்த ஊரில் எந்தப் பாட்டு பிரமாதமாக அமைந்ததோ, அதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்திருந்தார்கள். பிசிறு கிடையாது, இழுவை கிடையாது. கல் பொறுக்கிய அரிசி மாதிரி.

காஜாவிடம் இருந்தது வேறு சரக்கு.

அவனுடைய அண்ணன் ஜமால், லண்டனில் ஒரு ஓட்டல் அடுக்களையில் வேலை பார்க்கிறார். தம்பியின் கிறுக்கு தெரிந்தவர். அதே குழு அங்கே வாசித்தபோது டிக்கெட் எடுத்து, கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு போய், முதல் ட்ரம் அடியில் தொடங்கி கூட்டம் கலைகிற வரை முழுக் கச்சேரியையும் இரண்டு கேசட்டில் பிடித்து அனுப்பிவிட்டார். இது நடந்து நான்கரை வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து எங்களுக்குள் யுத்தம்.

"உன் எல்பி ஒரு கச்சேரியா மாப்ள? ஒரு ஊர்ல பாடுறான், இன்னொரு ஊர்க்காரன் கை தட்டுறான். ரெண்டாவது பாட்டுல தொண்டை கட்டியிருக்கு, மூணாவதுல கணீர்ங்குது, நாலாவதுல மறுபடி கட்டிக்கிருச்சு. அவனுக்கு இருக்கிறது தொண்டையா, நம்மூர் கரண்டா?"

நான் விடுவேனா?

"உன் கேசட்டுல மட்டும் என்ன வாழுது? கிதார் கம்பி அந்து போயி, அதை மாட்டி, ஒன்பது நிமிஷம் டொய்ங் டொய்ங்குன்னு சுதி சேக்குறான். அதையும் உட்கார்ந்து கேக்குற. கல்யாணத்துக்குப் போனா நேரா பந்திக்குப் போவோமா, அடுப்பு மூட்டுறதைப் பாப்போமா?"

"அடுப்பு மூட்டாம உனக்கு எப்படிடா சோறு வந்துச்சு?"

இப்படி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நான் டீ சொல்லிவிடுவேன். நான்கு வருஷத்தில் எம்புட்டு டீ சொல்லியிருப்பேன் என்று கீழவாசல் டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த ஒன்பது நிமிஷத்தில்தான் அந்த இருமல் வரும்.

கம்பி அறுந்ததும் பாட்டு நிற்கும். கூட்டம் விசிலடிக்கும். அப்போது மைக்குக்கு வெகு பக்கத்தில் யாரோ இருமுவார்கள்... ரெண்டு இருமல், ஒரு கனைப்பு. அவ்வளவுதான். பிறகு மறுபடி டொய்ங் டொய்ங்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு மேலே இருக்கும் காஜா வீட்டுக்குப் போயிருந்தேன். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார் காஜாவின் அம்மா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ராக் என்றால் அரபு நாட்டில் ஏதோ ஊர் என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. ட்ரம்மர் அடிக்கிற அடியில் ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்கிறது. அந்த அம்மா அசையவில்லை.

கம்பி அறுந்தது. அவர் கை நின்றது.

ரெண்டு இருமல். ஒரு கனைப்பு.

"என் மகன்" என்றார் என்னைப் பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு. "சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான் தம்பி. ரெண்டு இருமுவான், ஒரு கனைப்புக் கனைப்பான். அஞ்சு வருஷமா ஊருக்கு வரல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இப்படி வந்துட்டுப் போறான்."

நான் பொறுக்கிச் சேர்க்கிற கட்சிக்காரன் இல்லையா? உடனே யோசனை சொன்னேன்.

"ஏம்மா, அதுக்காக இந்த இரைச்சல் பூராவையும் கேக்கணுமா? காஜாகிட்டச் சொன்னா, ஓட்டி நேரா அந்த இடத்துலயே வைப்பானே?"

"அட போப்பா. அவன் எப்ப வருவான்னு இம்புட்டு நேரம் காத்துக் கிடந்தாத்தானே வந்த மாதிரி இருக்கும்? நேரா வாசல்ல கொண்டாந்து இறக்கி விட்டா அது பார்சல்!"

காஜா என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான். நான் டீ சொல்லக் கீழே இறங்கினேன்.

இனிதான் என் வீரச் செயல் வருகிறது.

ஆறு மாதத்துக்கு முன்னால், காஜாவின் காலில் விழாத குறையாக அந்தக் கேசட்டுகளை இரவல் வாங்கினேன். அதிலிருந்து நல்ல பாட்டு நாலைந்தை மட்டும் பொறுக்கி, எனக்கென்று ஒரு கேசட் தயார் பண்ண வேண்டும் என்று ஆசை. "ஒரு வாரம்தான் மாப்ள. கண்ணு மாதிரி பாத்துக்க" என்று கொடுத்தான்.

ஒத்தக்கடையில் என் வீடு. மைத்துனனின் டேப் ரெக்கார்டரையும் கொண்டுவந்து, என்னுடையதோடு ஒயர் போட்டு இணைத்தேன். ஒன்றில் காஜா கேசட், இன்னொன்றில் என் புதுக் கேசட். இரண்டும் ஒரே கறுப்பு. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன், கேசட்டுகளை மறுபடி போட்டேன், ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.

எந்த மெஷினில்?

உங்களுக்கே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. ஜமால் அண்ணன் அதை உடைக்கவில்லை. எனவே தப்பு அவருடையதுதான் என்று ஒரு நாள் முழுக்க என்னை நானே தேற்றிக்கொண்டேன். பயனில்லை. கம்பி அறுந்த இடத்திலிருந்து ஒரு நிமிஷம், சுத்தமான மௌனம். பாட்டு ஒன்றும் போகவில்லை. ஒரு சுரம்கூடப் போகவில்லை. என் கட்சிக் கணக்குப்படி நஷ்டமே கிடையாது.

அந்த அம்மாவுக்கு?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறவனாக இருந்தால் நான் ஏன் பத்தி எழுதுகிறேன்? இருமலை நானே தயாரிப்பது என்று முடிவு செய்தேன்.

இருமலுக்குக் கூட்டம் வேண்டுமே! மறுநாள் காலை டேப் ரெக்கார்டரை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். காலேஜ் பிள்ளைகள், கூடைக்காரர்கள், நல்ல இரைச்சல். பையில் வாயை வைத்து ரெண்டு இருமல், ஒரு கனைப்பு. திருப்தி இல்லை. மறுபடி ரெண்டு இருமல், ஒரு கனைப்பு. ஐந்தாவது முறை பக்கத்தில் நின்ற பெரியவர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏப்பா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா ஓரமாப் போயி எடேன். எதுக்குப் பைக்குள்ள எடுக்குற?"

வீட்டுக்கு வந்து, இருந்ததில் நல்ல இருமலாகப் பார்த்து அந்த மௌனத்தில் ஏற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். இருமல் அபாரம். கனைப்பு அதைவிட அபாரம். அதோடு நிறுத்தி, கேசட்டை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கவனித்தீர்களா? அதோடு நிறுத்தினேன். நல்ல இடத்தை மட்டும் கேட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை. அதே வீடு, அதே முறம், அதே பூண்டு. கம்பி அறுந்தது. அம்மாவின் கை நின்றது. நான் விட்டத்தைப் பார்த்தேன். ரெண்டு இருமல். ஒரு கனைப்பு. அம்மாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது.

அடுத்த நொடி, லண்டன் மாநகரத்தின் நட்டநடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேலூர் மேலூர் மேலூரேய்! ஏறு ஏறு! ஏ கூடைக்காரம்மா, பின்னாடி வா!"

ஒரு விசில். பஸ் கிளம்பிப் போனது. பிறகு டொய்ங் டொய்ங்.

காஜா கேசட்டை நிறுத்தினான். அம்மா மெதுவாகக் கேட்டார்:

"ஏண்டா காஜா, லண்டனுக்கு எப்படா மேலூர் பஸ் விட்டாங்க?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காஜா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சாப்பிட்டுட்டுப் போ." திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அந்த வீட்டு பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அந்த வீட்டு பிரியாணியே இறங்கவில்லை என்றால், என் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கேசட் ஓடவில்லை. காஜா போட்டாலும், "வேணாம்டா, தலை வலிக்குது" என்று அம்மா எழுந்து போய்விடுகிறாராம். நான்கு வருஷமாக வராத தலைவலி.

நான் ஜமால் அண்ணனுக்கு லெட்டர் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, கடைசியில், "தயவுசெய்து ஒரு கேசட்டில் வழக்கம்போல் இருமி, ஏர் மெயிலில் அனுப்பி வைக்கவும்" என்று முடித்திருந்தேன். லண்டனுக்கு இப்படி ஒரு ஆர்டர் அதற்கு முன் போயிருக்காது.

கேசட் வரவில்லை. போன சனிக்கிழமை ஜமால் அண்ணனே வந்து இறங்கிவிட்டார்.

"உன் லெட்டரைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சேன் தம்பி. அம்மா பாட்டுக் கேக்குறதை விட்டுருச்சுன்னு எழுதியிருந்தியே... அதுக்கப்புறம் சிரிப்பு வரல. மொதலாளிகிட்ட ரெண்டு மாசம் லீவு கேட்டேன். என்ன காரணம்னாரு. எங்க வீட்ல போயி இருமணும்னேன்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து மைக்கைப் பிடித்தேன். மேலூர் பஸ்ஸை எடுத்துவிட்டு அசல் இருமலைப் போட்டுத் தந்துவிட்டால் என் பாவம் தீர்ந்தது. அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். காஜா என்னோடு பேச ஆரம்பித்திருந்தான்: "பட்டனைப் பாத்து அமுக்குடா, கிறுக்கா!"

"இருமுங்கண்ணே."

ஜமால் அண்ணன் நெளிந்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இல்ல... ஒரு விஷயம் சொல்லணும். அது நான் இருமுனது இல்லம்மா."

காஜா எழுந்து ஃபேனை நிறுத்தினான்.

"திருட்டுத்தனமா டேப்பை ஒளிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறேன். மூச்சு விடவே பயந்து நிக்கிறவன் இருமுவேனா? பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பய. சட்டை மட்டும்தான் போட்டிருந்தான், வெளியில பனி கொட்டுது. வந்ததுல இருந்து தொண்டையைத் தடவிக்கிட்டே இருந்தான். கம்பி அந்ததும் எம்மேல சாஞ்சு இருமிட்டான்."

நான்கு வருஷம்! இருநூறு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறையாது! நானும் காஜாவும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே அந்த முகம் விழுந்துவிடுமோ என்று மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடப் பாவமே! பனியில வெறும் சட்டையோடயா? பக்கத்துலதானே நின்ன, உன் கோட்டக் கழட்டிக் குடுத்தா என்னவாம்?"

"கோட்டுக்குள்ளதானம்மா டேப்பு இருக்கு!"

"டேப்பு பெருசா, பிள்ளை பெருசா? வீடு போய்ச் சேர்ந்தானோ என்னமோ..."

காஜாதான் முதலில் சிரித்தான். பிறகு நான். பிறகு அம்மாவே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஜமால் அண்ணன் சிரிக்கிற சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் முட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

ரெண்டு இருமல். ஒரு கனைப்பு.

"நான் சொல்லல?" என்றார் அம்மா, எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்து.

மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்த நான் அப்போதுதான் குனிந்து ரெக்கார்ட் பட்டனைப் பார்த்தேன். அமுக்கக் கூடாத நேரத்தில் அமுக்கியவன், அமுக்க வேண்டிய நேரத்தில் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!