கீலுக்கு அடியில் மூன்று பொட்டு

பெரியப்பா பொய் சொன்னார். அப்பாவின் பதினாறாம் நாள், காவிரிக் கரை அம்மா மண்டபம் படித்துறையில், ஈரவேட்டியோடு நின்று சொன்னார். செத்தவரின் பொறுப்பை ஏற்பவர் தலையில் அன்று துண்டு கட்டுவார்கள். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. எட்டு வருடம் அவருடைய பட்டறையில் வெல்டிங் செய்தவள். பெரியப்பாவோ தன் மகனை முன்னால் உட்காரவைத்தார். "எனக்குக் கட்டுங்க" என்றேன். அத்தை சிரித்தாள். "தலப்பா கட்டிக்கிட்டு மீசையும் வச்சுக்கப் போறியாடி?" அப்போதுதான் பெரியப்பா அதைச் சொன்னார். "போறதுக்கு ரெண்டு நாள் முன்ன தம்பியே எங்கிட்ட சொன்னான். சீரங்கத்து வீட்டு இரும்புக் கேட்டப் பாப்பா கெடுத்துட்டா, அத வெட்டிட்டு நானே திரும்பச் செஞ்சேன், அவளுக்கு இந்த வேல வராதுண்ணேன்னு."

கேட்டை நான் கெடுத்தது உண்மை. மேல் வளைவில் என் வெல்டிங் எறும்புப் புற்று மாதிரித் தடித்துவிட்டது. பெரியப்பா டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நீ வீட்டுக்குப் போ பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. மறுநாள் நான் வருவதற்குள் கேட் வண்டி ஏறிவிட்டது. அந்த வாரமே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

அப்பா யாரையும் பாராட்டியதில்லை. யார் செய்த வேலையானாலும் அழகைப் பார்க்காமல் பலத்தைத் தட்டிப் பார்ப்பார். சரியில்லை என்றால் வெட்டிவிடுவார். சரி என்றால் கீழ்க் கீலுக்கு அடியில் வெல்டிங்கிலேயே மூன்று பொட்டு வைப்பார். அவ்வளவுதான்.

துண்டு கட்டிக்கொண்ட பெரியப்பா வீட்டு அண்ணன் ஆறே மாதத்தில் பட்டறையைப் பூட்டினான். நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டேன். இரண்டு வருடம். அப்பாவே கைவிட்ட கை இது என்று நினைத்து வெல்டிங் ராடைத் தொடவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

கடைத் தோழியின் வளைகாப்புக்கு ஸ்ரீரங்கம் போனேன். அந்த கேட் போன அதே தெரு. அந்த கேட் அங்கே நின்றது. மேல் வளைவில் என் எறும்புப் புற்று அப்படியே இருந்தது. யாரும் வெட்டவில்லை. பட்டுப் புடவையோடு தெருவில் குந்தி, கீலுக்கு அடியில் விரலை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

வீட்டு மாமி வெளியே வந்தார். "யாரும்மா? என்ன தேடறே அங்க?"

"இது நான் பண்ணின கேட்டுங்க மாமி."

"நீயா பண்ணினே? ரெண்டு வருஷமா திறக்கும்போது ஒரு சத்தம் போடலையே!"

இப்போது கைலாசபுரம் போகும் சாலையில் என் பட்டறை இருக்கிறது. வேலை முடிந்தால் பொட்டு நான்தான் வைக்கிறேன்.

அடுத்த மாதம் அப்பாவின் திதி. அதே படித்துறைக்கு, அதே சொந்தக்காரர்களை நானே கூப்பிட்டிருக்கிறேன். துண்டு வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். பெரியப்பா, நீங்கள் வர வேண்டும். வெட்டாத கேட்டை வெட்டினேன் என்று என் அப்பா உங்களிடம் எப்போது சொன்னார்? அன்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, இதற்கும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.