கப்பல் சின்னத்தின் கண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஈப்போவில் மிஷன் பள்ளியில் படித்தவன் என்ற கர்வம் தலைக்கேறியிருந்த வயது.

லுமுட் துறைமுகத்தில் நங்கூரமிட்ட போர்க்கப்பலின் அதிகாரி ஒருவர், விருந்துக்கு வந்தபோது எங்கள் துரைக்கு மரத்தாலான கப்பல் சின்னம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வட்டத்தைச் சுற்றி முறுக்குக் கயிறு, உச்சியில் கிரீடம், நடுவே நீல அலைகளுக்கு மேல் திறந்த ஒற்றைக் கண், அடியில் லத்தீனில் ஒரு வரி. விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரே, ஆபீஸ் சுவரில் தச்சர் அதை மாட்டினார். பனிமூட்டத்தில் லாந்தர் வெளிச்சம் பட்டால் அந்தக் கண் ஒவ்வொருவராகப் பார்ப்பது போலிருக்கும்.

“என்னா சாமிங்க இது? கண்ணே சிமிட்ட மாட்டேங்குது. எம் மாமியா தேவலாம் லா” என்றாள், பாலுக்கு மரம் வெட்டும் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு லத்தீன் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ராஜாவின் கண், பொய்யனைக் காட்டிக்கொடுக்கும் என்று அளந்துவிட்டேன். அதன் பிறகு யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் துரையின் பைக்கடிகாரம் காணாமல் போனது. அன்று பங்களாவில் புல் வெட்டிய ஆறு பேரையும் சின்னத்தின் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவைப்பது என் யோசனைதான். ஐந்து பேர் அணைத்தார்கள். ஆறாமவன் கை நீட்டவில்லை.

“எம் பொஞ்சாதி முழுகாம இருக்கா ஐயா. இந்த நேரத்துல நான் சூடம் அணைக்கக் கூடாது. புள்ள பொறக்கட்டும், எங்க கூப்பிட்டாலும் வந்து அணைக்கிறேன்.”

மனைவி கர்ப்பமாயிருந்தால் தேங்காய்கூட உடைக்காதவர்கள் அவர்கள். சர்ச்சுக்குப் போகிற எனக்கு அது சாக்காகப் பட்டது. “கண்ணு ஒன்னத்தான் பாக்குது” என்றேன். மற்றவர்கள் அவனை விட்டு விலகி நின்றார்கள்.

மத்தியானமே லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார் துரை. நிறைமாத மனைவி முன்னே போக, மூட்டையோடு அவன் மழையில் இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை, சின்னத்தைத்தான் ஒருமுறை பார்த்தான்.

மறுநாள் பெரட்டில், அந்தக் கண்ணிலிருந்து ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது. மேலே சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மூன்றாம் நாள், துரையின் மழைக்கோட்டுக் கிழிசலுக்குள் கடிகாரம் கிடைத்தது. நான் சின்னத்தைக் கழற்றினேன். பின்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலத்தில். அது கடலில் தத்தளிப்பவர்களைத் தேடும் காவல் மாலுமியின் கண்ணாம். அந்த லத்தீன் வரிக்கு, ‘யாரையும் கைவிடோம்’ என்று அர்த்தமாம்.

அவனையும் மனைவியையும் தாப்பா வரை, பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரி வரை தேடினேன். அவர்கள் அகப்படவில்லை. நான் சொன்னது பொய் என்று பெரட்டில் நின்ற ஒருவரிடமும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

துரை சீமைக்குத் திரும்பும்போது சின்னத்தை எனக்கே கொடுத்துவிட்டார். என் வீட்டில் தாள் தெரியும்படி திருப்பி மாட்டியிருக்கிறேன். ஆனாலும், சுவரைப் பார்த்தபடி அந்தக் கண் இன்னும் அந்த இருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.