காலி நாற்காலிக்குப் பாடம் சொன்ன என் மகள்

ஜெபத்தில் நம்பிக்கை வைத்திருக்கிற எல்லோருக்கும் கடலூர் முதுநகரிலிருந்து ரோஸ்மேரி எழுதுகிறேன்.

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். மூன்று தடவை பேப்பரை எடுத்து, தேதி போட்டு, அப்படியே மடித்து வைத்துவிட்டேன். நன்றி இல்லாமல் இல்லை. பயம்தான். ஜெபம் கேட்கப்பட்டது என்று ஒரு வரியில் சந்தோஷமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது கேட்கப்பட்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலை. எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஒரே மகள் ஸ்டெல்லா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. சேர்ந்த இரண்டாம் மாதம் முதுகு வலி என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள், அதனால் இருக்கும் என்று தைலம் தேய்த்து விட்டேன். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. முதுகுத் தண்டில் டிபி என்றார் டாக்டர். மருந்தில் சரியாகிவிடும், ஆனால் ஆறு மாதம் பெல்ட் போட்டுக்கொண்டு படுக்கையில் இருக்க வேண்டும், பஸ் பயணம் கூடவே கூடாது என்றார்.

கல்லூரியில் போய் அழுதேன். கொரோனாவில் பழகிய ஆன்லைன் வகுப்பை அவர்கள் முழுதாக விட்டுவிடவில்லை. உயிரியல் பாடத்தை வீட்டிலிருந்தே படித்து, வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அதில் தேறினால் படிப்பு தொடரும். தேறாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இந்தப் பேப்பர் போச்சின்னா அதோட சரி. முந்திரி கம்பெனிக்கி அனுப்பிடுவேன். உக்காந்துகினே ஒடைக்கலாம். முதுகுக்கும் நல்லது."

"அவ முதுகப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"பொட்டி தூக்கறவன் நானு. முதுகப் பத்தி எங்கிட்ட பேசறியா?"

பாடம் முழுவதும் இங்கிலீஷ். வகுப்பு நடக்கும்போது சிக்னல் போகும், வரும். சிக்னல் போன மாதிரியே பாடமும் போகும். ஆனால் வராது. அந்தப் பாடம் நடத்தும் மேடம் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்லியிருந்தார்களாம். எழுதி எழுதிப் பார்த்தால் போதாது, படித்ததை எதிரில் ஒருத்தரை உட்காரவைத்து அவருக்குப் பாடமாக நடத்துங்கள், எங்கே திக்குகிறதோ அது தெரியாத இடம் என்று.

அந்த ஒருத்தராக நான் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் அண்டா கழுவிவிட்டு மூன்று மணிக்கு வருவேன். கட்டிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். அவள் செல் என்பாள், நியூக்ளியஸ் என்பாள். ஐந்தாவது நிமிஷம் எனக்குத் தலை தொங்கிவிடும். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் அவள் சத்தம் போடாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

"நீ தூங்கும்மா. நான் யாருக்குச் சொல்றது, செவுத்துக்கா?"

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன்பு அந்த நாற்காலியைத் துடைத்து, துவைத்த துண்டு ஒன்றை விரித்து, முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்கு இது விளங்கவில்லை. செல்லை உண்டாக்கினவர் நீங்கள். என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்" என்று ஜெபித்தேன். ஸ்டெல்லா சிரித்தாள். "அவருக்கே பாடமாம்மா?" என்றாள். ஆனாலும் அன்றைக்கு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் படித்தாள்.

ஒரு வாரம் போனது. பக்கத்து வீட்டு வசந்தா அக்கா தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

"ரோசு, தப்பா எடுத்துக்காத. நீ போனப்புறம் ஒம்பொண்ணு யாரோடயோ பேசிகினு இருக்குது."

"போன்ல கிளாஸு நடக்கும்க்கா."

"போனு எங்கூட்ல சார்ஜில கெடந்துச்சிடி. ஒங்கூட்ல பீஸு போயி கரண்டு இல்லியேன்னு நாந்தான எடுத்தாந்து போட்டேன். அது பேசுது. அப்பறம் கம்முனு இருக்குது. அப்பறம் 'ஆமா, அத மறந்துட்டேன்'னு சொல்லுது. யாருகிட்ட சொல்லுது?"

வீட்டுக்குள் போனால் நாற்காலி நான் போட்ட மாதிரி இல்லை. கட்டிலைப் பார்த்துக் கொஞ்சம் நெருங்கி, சாய்வாக இருந்தது. உட்கார்ந்திருக்கிறவர் கேட்பதற்காக இழுத்துப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி.

"யாரு திருப்புனது?"

"நான் எழுந்திருக்கவே இல்லியேம்மா."

"யாரோட பேசற ஸ்டெல்லா? அம்மா திட்டமாட்டேன், சொல்லு."

"யாரும் பேசலம்மா. எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் சொல்லிகினே போகும்போது நடுவுல 'ஏன்'னு ஒண்ணு வந்து நிக்குது. அதுக்குப் பதில் தெரிஞ்சாதான் மேல போக முடியுது. தெரியலன்னா புக்க எடுத்துப் பாத்துட்டு சொல்றேன்."

"சொன்னா?"

"அடுத்த 'ஏன்' வருது."

வந்த கேள்வியை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பதிலையும் அவளே தேடிக் கீழே எழுதியிருந்தாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் பயந்துவிட்டேன். ஜெபம் செய்தவள் நான், உட்காரச் சொன்னவள் நான், ஆனால் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்றதும் எனக்கு நடுக்கம் வந்தது. கூப்பிட்டவர்தான் வந்தாரா, கூப்பிடாத வேறு ஏதாவதா? நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்று கூடக் கையை வைத்தேன். முதுகு சாயும் இடத்துப் பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

என் பயத்தை மாற்றியது ஒரு தட்டு பச்சைப்பயறு.

கல்லூரியில் செய்முறைப் பாடத்துக்கு வீட்டிலேயே விதை முளைக்கவைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஈரப் பஞ்சில் பயறு போட்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஸ்டூல் மேல் வைத்திருந்தாள். ஜன்னல் அவள் தலைமாட்டில் இருக்கிறது. நாற்காலி இருப்பது எதிர் மூலை, பகலிலேயே மங்கலான இடம். செடி வெளிச்சம் வரும் பக்கம்தான் வளைந்து வளரும் என்று எனக்கே அவள் நடத்தியிருந்தாள். அந்தப் பாடத்தில் மட்டும் நான் தூங்கவில்லை.

நாலாம் நாள் பார்க்கிறேன், முளை அத்தனையும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிப் பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ தட்டைத் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்று நானே ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எல்லாம் மறுபடி வளைந்து நாற்காலியைப் பார்த்திருந்தது.

ஸ்டெல்லா, "இத மேடத்துக்கு அனுப்ப மாட்டேம்மா. தப்பா செஞ்சிருக்கன்னு மார்க்கக் கொறச்சிடுவாங்க" என்றாள். வேறு தட்டில் வேறு பயறு போட்டு, என்னை வாசல் பக்கம் வைத்துப் போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

நான் அந்த முதல் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசுக்குப் பட்டது. எந்தச் செடியும் இருட்டைத் தேடிச் சாயாது. அன்றிலிருந்து நாற்காலியை நான் தொடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. கேள்வித்தாள் லேப்டாப்பில் வரும். பள்ளியில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். போனைத் தள்ளி வைத்து அறை முழுவதும் தெரியும்படி படம் பிடிக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. முகம் உள்ள படம்கூட இருக்கக் கூடாது. இயேசு படத்தையும் மாமனார் போட்டோவையும் கழற்றிச் சமையல் கட்டில் வைத்தேன். வேறு ஆள் இருப்பதாகப் போனில் இருக்கும் பரீட்சை ஆப் கண்டுபிடித்தால் மணி அடிக்கும். மூன்றாவது மணியில் பரீட்சை மூடிக்கொள்ளும்.

"நாக்காலிய எடுத்துடவா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. நாக்காலியப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல."

காலை பத்து மணி. வெயில் நன்றாக அடித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தேன். அரை மணி இருக்கும், உள்ளே மணி அடித்தது. என்னமோ போன் சத்தம் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மணி. உள்ளேயிருந்து ஸ்டெல்லா அலறினாள்.

"ம்மா, இங்க யாருமே இல்லம்மா! ரெண்டு பேர்னு காட்டுது!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பிள்ளையின் படிப்புக்காக நான் யாரை உட்கார வைத்தேனோ, அவராலேயே அந்தப் படிப்பு போகப்போகிறது. இன்னும் ஒரு தடவை மணி அடித்தால் அவ்வளவுதான்.

படியிலேயே முழங்கால் போட்டேன். யாரும் செய்யாத ஜெபம் ஒன்றைச் செய்தேன். "ஆண்டவரே, நான்தான் உள்ளே கூப்பிட்டேன். நானே சொல்கிறேன், மன்னியுங்கள். கொஞ்சம் வெளியே வாருங்கள். இதைப் பிள்ளை தனியாகத்தான் எழுத வேண்டும்."

கதவு திறக்கவில்லை. திரை அசையவில்லை. ஆனால் சுட்டுக்கொண்டிருந்த படியில் என் வலது பக்கம் மட்டும் நிழல் விழுந்த மாதிரி குளிர்ந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்க்கவும் இல்லை. பகல் ஒரு மணிக்குப் பரீட்சை முடியும் வரை அப்படியே இருவராகத்தான் உட்கார்ந்திருந்தோம் என்று நம்புகிறேன். மூன்றாவது மணி அடிக்கவே இல்லை.

ஆனால் ரிசல்ட் வந்தபோது ஸ்டெல்லா பெயரை நிறுத்தி வைத்திருந்தார்கள். நேரில் வரவேண்டும் என்று தகவல். டாக்டரைக் கேட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, மூன்று பேரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள யாராச்சும் இருந்தாங்களா? உண்மையச் சொல்லிடு, பெத்த அப்பன் நானு."

"இல்லப்பா."

"அப்பறம் மிஷினு பொய் சொல்லுதா?"

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்க, நான் அவள் பெல்ட்டைச் சரிசெய்தேன்.

மேடம் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஸ்டெல்லா முகத்தைச் சுற்றி மெல்லிய பச்சைக் கட்டம். ஆளைக் கண்டுபிடித்தால் ஆப் அப்படிக் கட்டம் போடுமாம். எதிரே காலி நாற்காலி. அதற்கு மேலே, உட்கார்ந்திருக்கிறவர் தலை இருக்கும் உயரத்தில், இன்னொரு பச்சைக் கட்டம். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் சுவர்.

"படம் கழட்டின எடத்துல செவுரு வெளுத்திருக்கு. அதை மொகம்னு எடுத்திருக்கும். சாஃப்ட்வேர் இப்படித் தப்புப் பண்றது உண்டு" என்றார்கள் மேடம். வீடியோவில் இரண்டாவது மணி அடித்தது. ஸ்டெல்லா அலறுவது கேட்டது. சிறிது நேரத்தில் அந்தக் கட்டம் மெல்ல எழுந்தது. நிற்கிற ஆள் உயரத்துக்கு வந்தது. அறையைத் தாண்டி, கதவுப் பக்கம் போய், படத்தை விட்டு வெளியேறியது.

மேடம் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எந்த நேரத்தில் அது எழுந்தது என்று எனக்குத் தெரியும்.

மேடம் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். "இது இருக்கட்டும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ரெட் பிளட் செல்லுக்கு நியூக்ளியஸ் ஏன் இல்ல?"

"எடம் விடறதுக்கு மேடம். அந்த எடத்துலயும் ஆக்சிஜனைச் சொமக்கறதுக்கு."

அடுத்தது கேட்டார்கள். சொன்னாள். அரை மணி நேரம் அவர்கள் 'ஏன், ஏன்' என்றே கேட்டார்கள். ஒன்றுகூட அவள் நோட்டில் இல்லாத கேள்வி இல்லை. அதுவரை கடுமையாக இருந்த மேடம் முகம் மாறிவிட்டது.

"இதெல்லாம் நான் கிளாஸ்ல நடத்தலியே. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கல மேடம். எங்க வீட்ல கேள்வி கேட்டாங்க. நான் தேடிப் படிச்சேன்."

யார் கேட்டது என்று மேடம் கேட்கவில்லை. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்றைக்கு ஸ்டெல்லா முதுகு நேராக நின்று ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். முந்திரிப் பேச்சு அன்றோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். பாட்டு வராது, கண்ணை மூடிக்கொள்வார். நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் அதைத் தாரும், இதைத் தாரும் என்று கேட்டு எழுந்துவிடுவேன். இப்போது அவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்று கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் படிப்பு ஏறாமல் ஒரு பிள்ளை அழுதால், பயப்படாமல் அவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்தால் உங்களுக்கு உடம்பு நடுங்கலாம். நடுங்கினாலும் கூப்பிடுங்கள்.

இப்போது ஏன் எழுதினேன் என்று சொல்லி முடிக்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தில் எப்படியோ வெளியே பரவியிருந்த இந்தக் கதையை யாரோ சாட்சியாகச் சொன்னார்கள். வெள்ளை உடுப்பில் ஒரு தேவதூதன் வந்து, பரீட்சையில் பதிலை எல்லாம் என் மகள் காதில் சொன்னானாம். ஜனங்கள் கை தட்டினார்கள். ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து தேம்பி அழுதாள்.

"அப்ப நான் காப்பி அடிச்ச மாதிரிதானம்மா ஆச்சி?"

அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டுப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். உடுப்பு போடாதீர்கள், ஒளி போடாதீர்கள், குரல் கேட்டது என்று சேர்க்காதீர்கள். நான் பார்த்தது நகர்ந்திருந்த நாற்காலி, ஒரு கட்டம், ஒரு தட்டுப் பயறு. உணர்ந்தது கொஞ்சம் வெதுவெதுப்பு, கொஞ்சம் குளிர்ச்சி. அங்கிருந்து வந்தது கேள்வி மட்டும்தான். பதில் ஒவ்வொன்றும் வலியோடு படுத்துக்கொண்டு என் மகள் தேடிப் படித்தது. எதை விட்டாலும் பதில் அவளுடையது என்கிற இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.